அக்கரைச் சீமையில் ஓர் அடுப்படி

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

விருந்தோம்பல் தமிழனின் தனிப் பண்பு என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வள்ளுவப் பெருந்தகை அதற்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிவைத்தார். அந்தச் சொல்தான் இன்று ஒரு தொழிலின் பெயராகியிருக்கிறது. நம்பாதவர்கள் நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவரைப் பாருங்கள். "வளைகுடா நட்சத்திர ஓட்டல்களில் உடனடி வேலை! உணவு, இருப்பிடம் இலவசம்! விசா எங்கள் பொறுப்பு!" என்று தாள் தாளாக ஒட்டியிருக்கும். அடியில் ஒரு கைபேசி எண் இருக்கும். பெயர் இராது, முகவரி இராது.

கடைசித் தேர்வு முடிந்ததும் என்ன செய்வது என்ற பேச்சு எங்கள் வகுப்பில் எழும்போதெல்லாம், பத்துப் பேருக்குக் குறையாமல் "வெளிநாடு" என்கிறார்கள். வியப்பில்லை. இது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மிளகாய், அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். என் தந்தையார் மூட்டம் போடுகிறவர். அவருடைய இருமல் சத்தம்தான் எங்கள் வீட்டின் விடியற்காலைக் கடிகாரம்.

இத்தகைய தலைப்பில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும், "பிறந்த மண்ணை விட்டுப் போகாதே!" என்று கண்ணீர் வடிப்பார்கள், அல்லது "உலகம் அழைக்கிறது, புறப்படு!" என்று முழங்குவார்கள். இரண்டும் என் நோக்கமன்று. என் அண்ணன் கத்தாரில் ஓட்டல் வேலை பார்க்கிறவர். எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. அண்ணன் பட்டதையும் நான் விசாரித்து அறிந்ததையும் நண்பர்கள் முன் வைக்கிறேன்; முடிவை நீங்களே எடுங்கள்.

அண்ணன் போன கதை

அண்ணன் பிளஸ் டூ முடித்தவர். மதுரையில் ஓர் ஓட்டலில் பந்தி பரிமாறி, பிறகு மாஸ்டருக்கு உதவியாளாக நின்று தோசைக்கல்லைப் பிடித்தார். 2018-ல் ஓர் ஏஜென்ட் மூலம் தோகாவுக்கு வேலை வந்தது. "ஸ்டூவர்ட் வேலை" என்றார் ஏஜென்ட். நம் ஊர்ப் பெரிய ஓட்டல்களில் ஸ்டூவர்ட் என்றால் மேசையில் பரிமாறுகிறவர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் குறிப்புப் புத்தகம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளியில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒப்பந்தத்தில் "கிச்சன் ஸ்டூவர்ட்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல் கூடுதலாக இருந்தால் பொருளே வேறு. ஓட்டல் தொழிலில் கிச்சன் ஸ்டூவர்ட் என்பவர் பாத்திரம் துலக்குகிறவர். அண்டா, சட்டி, எண்ணெய்ப் பிசுக்கு, குப்பை, அடுப்படித் தரை எல்லாம் அவர் பொறுப்பு. ஏஜென்ட் சொன்னது பொய் என்று வழக்குப் போடவும் முடியாது. எழுதியதைத்தான் கொடுத்தார்கள்!

அதற்காக அவர் கட்டிய தொகை 90,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடன். சம்பளம் 900 ரியால். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 17,000 ரூபாய். சோறும் படுக்கையும் கம்பெனி கொடுத்தது. தன் செலவுக்கு ஐயாயிரம் போல வைத்துக்கொண்டு மாதம் 12,000 அனுப்புவார். அதில் வீட்டுக்கு 5,000, கடனுக்கு 7,000. முதல் மாத வட்டி மட்டும் 2,700. இந்தக் கணக்கை என் கணிதத் துறை நண்பனிடம் கொடுத்தேன். கடன் தீர 17 மாதங்கள் ஆகும், வட்டியாக மட்டும் ஏறத்தாழ 25,000 ரூபாய் போகும் என்று போட்டுக் கொடுத்தான். அப்படித்தான் நடந்தது. ஒப்பந்தமோ 24 மாதம்! இரண்டு ஆண்டு அக்கரைச் சீமையில் பாத்திரம் துலக்கியவருக்குச் சொந்தமாக மிஞ்சியது ஏழு மாத உழைப்பு.

இரண்டாம் ஆண்டில் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. பக்கத்துத் தெரு உணவகம் ஒன்று அவரது கைப்பக்குவத்தைக் கேள்விப்பட்டுச் சமையல் உதவியாளாக அழைத்தது. சம்பளம் கூடுதல். ஆனால் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறிடம் மாறவேண்டுமானால் பழைய முதலாளி "ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தரவேண்டும். அவர் தரவில்லை. அழைத்த இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். அன்றிரவு தொலைபேசியில் அண்ணன் அதிகம் பேசவில்லை. "மழை பெஞ்சுச்சாடா?" என்று மட்டும் கேட்டார்.

துண்டும் கஃபாலாவும்

வரலாறு படிக்கிறவனாகையால் எனக்கு இது புதிய கதையாகத் தோன்றவில்லை. நம் முன்னோர் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர்க் காடுகளுக்கும் கங்காணியின் பின்னே போனார்கள். வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் கரையேறும்போதே கடனாகக் கணக்கில் ஏறியது. இலங்கையில் "துண்டு" என்றொரு வழக்கம் இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவரை அழைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்தில் எழுதித் தரும் சீட்டு அது. துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1922-ல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1938-ல் தொழிலாளரை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடுத்து நிறுத்தியது.

அரபு நாடுகளில் "கஃபாலா" என்ற முறை இருந்தது. கஃபீல் என்றால் பொறுப்பேற்பவர். நாம் ஸ்பான்சர் என்கிறோம். வந்தவருக்கு நுழைவும் தங்கும் உரிமையும் அந்த முதலாளியின் பெயரைப் பற்றியே நிற்கும். அவர் கையை விட்டால் வேலையும் போகும், தங்கும் உரிமையும் போகும். துண்டுச் சீட்டும் ஆட்சேபணையில்லாச் சான்றும் அண்ணன் தம்பிகள் என்றால் மிகையாகாது.

காலம் மாறவும் செய்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான தொழிலாளர் நாட்டைவிட்டு வெளியேற முதலாளியிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்ற விதியைக் கத்தார் 2018-ல் நீக்கியது. 2019-ல் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் விசா மையங்களைத் திறந்தது. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையொப்பம் எல்லாம் புறப்படும் முன்பே அங்கு நடக்கும். அண்ணன் அதற்கு முந்திய ஆண்டே போய்விட்டார். 2020-ல் வந்த சட்டங்கள் ஆட்சேபணையில்லாச் சான்றை ஒழித்தன. 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால் என்றும், உணவும் உறைவிடமும் தராத முதலாளி அவற்றுக்கு 300, 500 ரியால் தனியே தரவேண்டும் என்றும் விதித்தன. அண்ணன் 2021-ல் வேறோர் உணவகத்துக்கு மாறினார். கரண்டியும் கத்தியும் கைக்கு வந்தன. 2022-ல் உலகக் கால்பந்துப் போட்டி அங்கே நடந்தபோது அவர் அடுப்படியில் "கம்மி" நிலைச் சமையல்காரர். சட்டத்தில் ஒரு வரி மாறினால் எங்கள் வீட்டில் ஓர் அடுப்பு கூடுதலாக எரியும் என்பதை அந்த ஆண்டில் கற்றேன்.

எனக்கு வந்த அழைப்பு

சென்ற ஆண்டு ஆடி மாதம் எங்கள் ஊருக்கு ஒருவர் வந்தார். துபாயில் மூன்று நட்சத்திர ஓட்டலில் வரவேற்பு மேசை வேலை, "பி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு ஏத்த வேலை" என்றார். கேட்ட தொகை 1,20,000 ரூபாய். "முதலில் விசிட் விசாவில் போ தம்பி, அங்கே போனதும் கம்பெனி விசாவாக மாத்திக்கலாம்" என்றார்.

அம்மா அன்றிரவே கழுத்தில் கிடந்த மூன்று சவரன் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தார். "வச்சு வாங்கிக்கய்யா. ஒனக்கில்லாததா?" என்றார். அந்தச் சங்கிலியின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அண்ணனுக்குப் பேசினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "டேய் தம்பி, அந்த ஆளுக்கிட்ட அஞ்சு கேள்வி கேளு. அஞ்சுக்கும் எழுத்துல பதில் வந்தா நானே பணம் அனுப்புறேன்" என்றார். அந்த ஐந்தும் இவை:

1. இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்டா? பதிவு எண் என்ன?
2. முதலாளி யார்? ஓட்டல் நேரடியாக எடுக்கிறதா, ஆள் சப்ளை செய்யும் கம்பெனியா?
3. ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் எழுத்துக்கு எழுத்து என்ன?
4. மொத்தச் சம்பளம் இருக்கட்டும்; அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?
5. விசா எந்த வகை? வேலை விசாவா, சுற்றுலா விசாவா?

ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 18 விழுக்காடு வரி சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது தரவேண்டும். பதிவு எண் மெய்யா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். நாலாவது கேள்வி பணிக்கொடை பற்றியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்தாண்டு சேவைக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கணக்காகும். படிகளை ஏற்றி அடிப்படையைக் குறைத்துக் காட்டினால், நாடு திரும்பும் நாளில் கை சுருங்கும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. விசிட் விசாவில் அங்கே வேலை செய்வது சட்டத்துக்குப் புறம்பு. தங்கும் நாள் தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். மேலும், 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்கிறது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

வந்தவரிடம் கேட்டேன். முதல் கேள்விக்கே, "நாங்க ஏஜென்ட் இல்ல தம்பி, கன்சல்டன்சி" என்றார். மூன்றாவதைக் கேட்டபோது, "படிச்ச பிள்ளைகள்னாலே இப்படித்தான்" என்று எழுந்துவிட்டார். நான் பணம் கட்டவில்லை. பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் கட்டினார். இரண்டு மாதம் ஒரு சிற்றுண்டிக் கடையில் இரவு வேலை பார்த்தார். "விசா வந்ததும் சேர்த்துத் தருகிறோம்" என்ற சம்பளம் வரவேயில்லை. பதினொரு நாள் கூடுதலாகத் தங்கியதற்கு 550 திர்ஹாம் அபராதம் கட்டி வந்து சேர்ந்தார். இப்போது அவர் தந்தையார் வட்டி கட்டுகிறார்.

படித்தவர்க்குக் காவல் இல்லை

இவ்விடத்தில் பட்டதாரிகளாகிய நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் "குடிபெயர்வுச் சோதனை தேவை" என்ற குறிப்பு இருக்கும். அவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்ப்பார். 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் கட்டாயம். இரண்டாண்டுக்குப் பிரீமியம் வெறும் 275 ரூபாய்தான். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்தக் குறிப்பு இல்லை. தன்னைத்தானே காத்துக்கொள்வார் என்று அரசு நம்புகிறது. என் அண்ணனின் பிளஸ் டூ அவருக்கு ஒரு வரிசையை மிச்சப்படுத்தியது. கிச்சன் ஸ்டூவர்ட் என்ற சொல்லைப் படித்துக் காட்டியிருக்கக்கூடிய ஒரு ஜோடிக் கண்களையும் இல்லாமல் செய்தது. நம் சான்றிதழே நம் காவலைக் கழற்றிவிடுகிறது என்றால், அந்தக் காவலை நாமே ஏற்கத்தானே வேண்டும்?

"விசா வாங்கித் தருகிறேன்" என்ற பேச்சையும் ஆராய்வோம். வேலை விசா கடையில் தொங்கும் சரக்கன்று. வேலை கொடுக்கும் முதலாளி தம் அரசிடம் அனுமதி பெற்று, இன்னாரை இன்ன வேலைக்கு அழைக்கிறேன் என்று பொறுப்பேற்பதே ஸ்பான்சர்ஷிப். ஆகவே வேலை முன்னே, விசா பின்னே. விசாவை முன்னே நீட்டுகிறவரிடம் வேலை இல்லை என்று பொருள்.

அனுமதியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல் ஓட்டல் அறைப் பராமரிப்பாளர், போர்ட்டர், இந்திய உணவகச் சமையல்காரர் ஆகிய வேலைகளுக்கு இந்தியரை வொர்க் பர்மிட்டில் எடுக்க வழி திறந்தது. மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலைச் சம்பளம் தரவேண்டும். பரிமாறுகிற வேலை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே வொர்க் பர்மிட்டில் "சிங்கப்பூரில் வெயிட்டர் வேலை" என்று ஒருவர் சொன்னால் நின்று யோசியுங்கள். பிரிட்டனில் 2025 ஜூலை 22 முதல், பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழான பெரும்பாலான வேலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழி அடைபட்டது. சமையல்காரர் வேலையும் அதில் அகப்பட்டுக்கொண்டது. அதற்குப் பின்னரும் "லண்டனில் செஃப் வேலை, ஸ்பான்சர் ரெடி" என்ற தாளை நம் பேருந்து நிலையத்தில் கண்டேன்!

வேலையின் மதிப்பு

ஓட்டல் வேலை இழிவானது என்று சொல்ல நான் வரவில்லை. "பி.ஏ. படித்துவிட்டுத் தட்டுக் கழுவுவதா?" என்று கேட்பவர்கள், தட்டுக் கழுவுகிறவர் இல்லாமல் ஒரு பந்திகூட நடக்காது என்பதை எண்ணிப் பார்க்கட்டும். அது முறையாகப் படி ஏறும் தொழில். கம்மி நிலையில் மூன்று படி. அதற்கு மேல் டெமி செஃப், செஃப் டி பார்ட்டி, சூ செஃப், தலைமைச் செஃப். ஒவ்வொரு படிக்கும் கைத்திறன் வேண்டும். அண்ணனின் முன்கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள் உள்ளன. ஒரு கூடை வெங்காயத்தை அவர் ஒரே அளவாக அரியும் அழகைக் கண்டால் அதுவும் ஒரு கல்வி என்று ஒப்புக்கொள்வீர்கள்.

சென்ற பொங்கலுக்கு அவர் விடுப்பில் வந்திருந்தார். அம்மா வாழையிலை போட்டு, "உக்காருய்யா" என்றார். அண்ணன் உட்கார்ந்தார், அப்பாவின் இலையில் குழம்பு குறைந்ததைக் கண்டு எழுந்தார். மதினிக்குத் தண்ணீர் வைக்க எழுந்தார். எனக்கு அப்பளம் எடுக்க எழுந்தார். "ஒரு வேளையாவது உக்காந்து தின்னுடா!" என்று அம்மா அழுதேவிட்டார். பல நாட்டு விருந்தினருக்குச் சமைத்தவர் அங்கே மாலை நாலு மணிக்கு நின்றபடியே சாப்பிட்டுப் பழகிவிட்டார். விருந்தோம்பலைத் தொழிலாகக் கொண்டவரை விருந்தாளியாக உட்காரவைப்பது எத்தனை கடினம் என்று அன்று கண்டேன்.

ஒரு வேண்டுகோள்

என் முடிவைக் கேட்கிறீர்களா? நானும் போவேன். ஆனால் கடனோடு போகமாட்டேன். கையில் தொழில் இல்லாமலும் போகமாட்டேன். பட்டம் முடிந்ததும் உணவு தயாரிப்புப் பயிற்சியில் சேர எண்ணியிருக்கிறேன். சென்னை தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் நிர்வாகக் கல்வி நிலையமும், திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிலையமும் இருக்கின்றன. பிறகு உள்ளூரிலேயே இரண்டு ஆண்டு அடுப்படி அனுபவம். அதன்பின் தமிழக அரசு 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்துவைப்பேன். தனியார் ஏஜென்ட் என்றால் பதிவு எண் பார்த்த பிறகே வாசற்படி ஏறுவேன். சங்கிலி அம்மாவின் கழுத்தில்தான் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! நூறு பக்கம் உரைநடை படித்துத் தேர்வெழுதும் நாம், நாலு பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுகிறோம். மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே! உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு மாணவ மாணவியரை ஒரு மணி நேரம் உட்காரவைத்து, ஒரு வேலை ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்கக் கற்றுக்கொடுங்கள். ஆங்கிலத் துறை சொற்களை விளக்கட்டும். வணிகவியல் துறை வட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். வரலாற்றுத் துறை கங்காணியை நினைவூட்டட்டும். பேருந்து நிலையச் சுவரில் அந்தத் தாள்கள் ஒட்டத்தான் செய்வார்கள். நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அண்ணனின் அந்த ஐந்து கேள்விகளை ஒட்டிவைக்க எனக்கு அனுமதி கொடுங்கள். பசையும் தாளும் நானே கொண்டுவருகிறேன்.